பியானோவுக்கு முன்னால்: ஏபியா, ஓஆர்டிஎஃபா?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய மண்டபம். கிராண்ட் பியானோ நம்மிடம் வராது. ஒலிப்பதிவுக்கு நாம்தான் மைக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு மைக்கை எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி, அதற்கு ஏபி, ஓஆர்டிஎஃப் என்று இரண்டு முறை.

ஏபி என்றால் எல்லாத் திசையும் கேட்கும் ஓம்னி மைக் இரண்டு, ஏறத்தாழ அரை மீட்டர் இடைவெளியில். அடிக்குரலுக்கு இதை மிஞ்ச முடியாது. பியானோவின் இடக்கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், முன்பக்கத்தை மட்டுமே நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு மைக்கைத் தள்ளி வைத்தால் அது மெலிந்துவிடும், ஓம்னியில் நெஞ்சுக்குள் வந்து உட்காரும். ஆனால் ஓம்னிக்கு ஏர்கோனும் கேட்கும், சன்னலோரக் காக்கையும் கேட்கும். ஏர்கோனை அடைத்துவிடலாமே என்றேன். சுருதி சேர்க்க வந்த பெரியவர் சாவியைப் பைக்குள் போட்டார். "அடைங்க தம்பி, நான் வீட்டுக்குப் போறேன்." பினாங்கு ஈரத்தில் ஒலிப்பலகை உப்பினால் சுருதி ஏறிவிடும். அவர் சொன்னது நியாயம்தான்.

ஓஆர்டிஎஃப் பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்தது: இரண்டு கார்டியாய்டு, 17 செ.மீ. இடைவெளி, 110 பாகை விரிவு. ஒரே ஸ்டாண்டு போதும். முதுகை இரைச்சல் பக்கம் திருப்பிவிடலாம்.

பகலில் ஓஆர்டிஎஃப், தெரு அடங்கிய பிறகு ஏபி. இது என் வழக்கம். குழாய் ஆர்கனுக்கு மட்டும் யோசிக்கவே மாட்டேன், ஓம்னிதான். 16 அடிக் குழாய் சுமார் 33 ஹெர்ட்ஸில் முனகுவதைக் கார்டியாய்டில் பிடித்துப் பாருங்கள், தெரியும்.