யன்னலைக் கழற்றிக் கொடுக்கமுதல் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் பழைய வீட்டு யன்னல்களைத் திருத்த ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏமாந்த கதைதான். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு டச்சுக்குடாவுக்குக் கிட்ட. அம்மப்பா கட்டியது. பத்து யன்னல்களும் முதிரை மரம், பித்தளைப் பிணைச்சல் (கீல்). 1964 புயலில் கூரை ஓடு பறந்தும் ஒரு யன்னல்கூடக் கழரவில்லை என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். புயலுக்கு அசையாத மரத்தை உப்புக்காற்றும் வாடைமழையும் மெல்ல மெல்லத் தின்றுவிட்டன. கடல் பக்கத்து யன்னல்களில் அடிச்சட்டம் உக்கியிருந்தது. சாய்வுப் பலகைகள் சில உடைந்திருந்தன. வருடக்கணக்காகப் பூசிய பெயின்ற் கட்டிபிடித்து, கதவுகள் சரியாக மூடவும் இல்லை.

உவர்மலையில் புதுவீடு கட்டிய சொந்தக்காரர் ஒருவர்தான் அந்தக் கொந்தராத்துக்காரரைச் சொன்னார். அங்கே போய்ப் பார்த்தேன். வேலை உண்மையில் திறம். ஆனால் அது புது வேலை. பழைய யன்னல் எதையாவது திருத்தியிருக்கிறாரா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் வந்தார், முற்றத்தில் நின்றே எண்ணினார், போனில் கணக்குப் போட்டார். "எட்டு யன்னல், மூன்று இலட்சத்து இருபதாயிரம், மூன்று கிழமை. பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழைய பெயின்ற் எல்லாம் எரிச்சு, புதுசு மாதிரித் தாறன் அக்கா" என்றார். ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. மழை எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்றும் கேட்கவில்லை.

பத்து யன்னலில் எட்டுத்தான், ஏனென்றால் சாமியறை யன்னல் இரண்டையும் கழற்ற அம்மா விடவில்லை. அன்றைக்கு அவருடன் சண்டை பிடித்தேன்.

ஆவணியில் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு லொறியில் ஏற்றிப் போனார். ரசீது கேட்டதற்கு, "என்னக்கா, நம்பிக்கை இல்லையோ?" அந்தக் கேள்விக்கு நம் ஊரில் யாருக்குத்தான் பதில் சொல்ல வரும்? பேசாமல் இருந்துவிட்டேன்.

நவராத்திரிக்கு முதல் என்றார். பிறகு தீபாவளிக்கு முதல் என்றார். மெஷின் எரிந்தது, பொடியன் ஊருக்குப் போய்விட்டான், மரம் வரவில்லை, கரண்ட் இல்லை. இதற்குள் வாடைமழை தொடங்கிவிட்டது. யன்னல் இருந்த இடத்தில் தகரமும் படங்கும் கட்டி, அம்மாவின் கட்டிலை நடு ஹோலுக்கு இழுத்துப் போட்டோம். கடைசியில் கார்த்திகை நடுப்பகுதியில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுவந்து பூட்டினார்கள். தடிப்பான மண்ணிறப் பெயின்ற், பளபளவென்று. வெளியே மழை கொட்டுகிறது, யன்னல் வந்ததே போதும் என்ற மனநிலையில் மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

அம்மாதான் முதலில் சொன்னார். ஒரு கதவைத் தள்ளித் திறந்தவர், "பிள்ளை, இது எங்கட யன்னல் இல்லை" என்றார். முதிரைக் கதவு கனமானது, தோள்மூட்டால் தள்ள வேண்டும். இது ஒரு விரலுக்கே ஆடியது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெரிய அறை யன்னலின் இடது கதவில், கீழிருந்து மூன்றாவது பலகையில், யுத்த காலத்தில் ஒரு சன்னம் துளைத்த ஓட்டை இருந்தது. சுண்டுவிரல் நுழையும். அதைக் காணவில்லை. போனில் கேட்டேன், "பட்டி போட்டு அடைச்சிருக்கிறம் அக்கா" என்றார். கத்தியால் பெயின்றைச் சுரண்டிப் பார்த்தேன். பட்டியும் இல்லை, ஓட்டையும் இல்லை. வெள்ளை வெளேரென்று ஏதோ மலிவு மரம். முதிரை வெட்டினால் மஞ்சளாக மினுங்கும்.

பித்தளைப் பிணைச்சல் என்ற பெயரில் வந்தவை ஒரு மாதத்தில் துருவாக வழிந்தன. பக்கத்து வீட்டுப் பொடியன் காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தான், டக்கென்று ஒட்டியது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. பூட்டின அன்றே இந்தச் சோதனையைச் செய்திருக்கலாம். தை பிறக்கமுதலே கதவுகள் ஈரத்தில் ஊதி இறுகிவிட்டன. காயாத மரத்துக்கு மேல் பெயின்ற் அடித்தால் வேறு என்ன நடக்கும்?

பொலிஸுக்குப் போனேன். கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்தேன். முதல் கேள்வியே "பற்றுச்சீட்டு இருக்கிறதா?" மத்தியஸ்த சபையில் அவர் மிக மரியாதையாக, உக்கிப்போன கதவுகளை எறிந்துவிட்டுப் புதிது செய்து கொடுத்ததாகச் சொன்னார். எட்டு யன்னலும் முழுதாக உக்கியதாம்! கழற்றமுதல் நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. கடைசியில் அறுபதாயிரம் இரண்டு தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். முதல் தவணை வந்தது. மற்றதைக் கேட்டால் போன் எடுப்பதில்லை.

சாமியறை யன்னல் இரண்டையும் இந்த வருடம் வயதான ஓடாவியார் (தச்சர்) ஒருவர் திருத்தினார். வந்தவுடன் விலை சொல்லவில்லை. பையிலிருந்து ஊசிமுனை உளி ஒன்றை எடுத்து அடிச்சட்டத்தை அங்கங்கே குத்திப் பார்த்தார். "நாலு விரல்தான் உக்கியிருக்கு, மிச்சம் இரும்பு" என்றார். அந்த நாலு விரலை மட்டும் வெட்டி எடுத்து, உடைந்த பழைய கட்டில் ஒன்றின் முதிரைத் துண்டைச் சரிவாகப் பொருத்தினார். எல்லாம் எங்கள் விறாந்தையிலேயே. பெயின்றை எரிக்க விடவில்லை. பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், புகை கூடாது என்று நனைத்துத்தான் சுரண்டினார். நாட்கூலி, பொருளுக்குத் தனிப் பில். "மாசி வெயில் பட்டு மரம் காயட்டும்" என்று பெயின்ற் அடிக்க ஒரு மாதம் காக்க வைத்தார். முன்பென்றால் அதற்கும் நான் கத்தியிருப்பேன்.

கழற்றிக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்று யாராவது நின்றால், ஒவ்வொரு கதவின் உட்பக்க விளிம்பிலும் நீங்கள் மட்டும் அறிந்த ஒரு அடையாளத்தை உளியால் கீறிவிடுங்கள். பிணைச்சல்களை நீங்களே கழற்றி வீட்டில் வைத்திருங்கள்.

எங்கள் எட்டு யன்னலும் இப்போது எங்கே என்று தெரியாது. பழைய முதிரைக் கதவுகளுக்கு ஹோட்டல் அலங்காரத்துக்கென்றே நல்ல விலை இருக்கிறதாம், ஓடாவியார் சொன்னார். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போகிறவர்கள் யாராவது, இடது கதவில் கீழிருந்து மூன்றாவது பலகையில் ஓட்டை உள்ள யன்னல் ஒன்றைக் கண்டால் சொல்லுங்கள். அதை மட்டுமாவது விலை கொடுத்து வாங்கிவிட வேண்டும் என்று அம்மா நிற்கிறார்.