உவர்மலை மாலை ஆங்கில வகுப்பு: விளம்பரத்தையும் சினிமாவையும் வாசிக்கப் பழக்கும் பாடம்

திருகோணமலையில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்றால் பெரும்பாலும் இலக்கணப் பயிற்சித்தாள்தான். இந்த வகுப்பு வேறு வழியில் போகிறது, அதுவே இதன் பலம்.

முப்பது விநாடிப் பால்மா விளம்பரம் ஒன்றை முதலில் ஒலியில்லாமல் போடுகிறார்கள். ஒவ்வொரு காட்சித்துண்டையும் கொப்பியில் எழுத வேண்டும்: யார் நிற்கிறார், யார் பரிமாறுகிறார், கமரா எவ்வளவு நெருக்கம். பிறகு ஒலி மட்டும். கடைசியில்தான் கேள்வி: இந்த வீட்டில் யாரைக் காணவில்லை? பிரித்தானியப் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த மூன்று வாசிப்பு நிலைகள், அதாவது அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி மறுப்பது, முற்றாக எதிர்ப்பது, இதற்குப் பின்பே வருகின்றன. இந்த ஒழுங்கு மிகச் சரி. கோட்பாட்டை முதலில் கொடுத்தால் பிள்ளைகள் படத்தைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

கட்டுரைத் திருத்தமும் நன்று. கதைச்சுருக்கம் எழுதினால் சிவப்புக்கோடு. "பெண்ணை இழிவுபடுத்துகிறது" என்றால் எந்தக் காட்சியில், எப்படி என்று ஓரத்தில் கேட்டு எழுதுகிறார்கள். காட்சி விவரணைக்கு நிகழ்காலம் கட்டாயம். அங்கேதான் பிள்ளைகள் அதிகம் பிழை விடுகிறார்கள்.

குறை, உதாரணங்கள் கொழும்பிலும் சென்னையிலும் நின்றுவிடுவது. ஓட்டோவின் பின்கண்ணாடி வாசகங்களும் கோயில் திருவிழாக் கட்டவுட்களும் இதே ஊரில் கண்முன்னே இருக்கின்றன, அவற்றையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பின்வரிசைக்குத் திரை சரியாகத் தெரியாது, முன்னால் இருங்கள்.