ஃபிரிட்ஜோடு ‘பவர் சேவர்’ பெட்டியையும் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

புது ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எல்லாம் பேசி முடித்து பில் போடும் நேரத்தில் கடைக்காரர் கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வைத்தார். பிளக்கில் சொருகினால் போதுமாம், வீட்டு மொத்த கரன்ட் பில்லும் இறங்கிவிடுமாம். “ஃபிரிட்ஜ் மட்டும் சிக்கனமா இருந்து என்ன சார் பிரயோஜனம்? வீடே சிக்கனமாகணும்ல?”

வாயால் மட்டும் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். செய்தே காட்டினார். ஒரு சின்ன மோட்டாரை ஓடவிட்டு, மெயின் வயரில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டார்: 2 ஆம்பியர். பெட்டியைப் பக்கத்து சாக்கெட்டில் சொருகியதும் 1 ஆம்பியர். மோட்டார் வேகம் குறையவே இல்லை. மீட்டரில் எந்தத் தில்லுமுல்லும் கிடையாது. காட்டியது நிஜம்தான், ஆனால் நாம் காசு கட்டுவது ஆம்பியருக்கு இல்லை.

கணக்கு இதுதான். 230 வோல்ட், 2 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரன்ட்டில் உண்மையில் வேலைக்கு உதவும் பங்கு) 0.5 என்றால், மூன்றையும் பெருக்கினால் மோட்டார் எடுப்பது 230 வாட். பெட்டிக்குள் இருப்பது ஒரு கப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்கும் ஒரு சின்ன பாகம். அது பவர் ஃபேக்டரை 1-க்குத் தூக்கிவிடும், ஆம்பியர் பாதியாகும். இப்போது பெருக்கிப் பாருங்கள், அதே 230 வாட். வீட்டு மீட்டரில் ஓடுவது கிலோவாட்-மணி, அதாவது யூனிட். அது ஒரு புள்ளிகூட இறங்காது. பெட்டியில் எரிகிற பச்சை எல்.இ.டி.க்கான கரன்ட் வேறு நம் கணக்கில்தான். பவர் ஃபேக்டர் குறைந்தால் தொழிற்சாலைகளுக்கு அபராதம் உண்டு, அங்கே கப்பாசிட்டர் வைப்பது நியாயமான செலவு. அந்தப் பாதி உண்மையை வீட்டுக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2009-லேயே இதை விளக்கி ஒரு தொழில்நுட்பக் குறிப்பு போட்டிருக்கிறது. வியாபாரம் என்னவோ நிற்கவில்லை.

பில் குறையவில்லையே என்று கேட்டால் அதற்கும் பதில் தயார்: “உங்க வீட்டு லைனுக்குப் பழக அதுக்குக் கொஞ்ச மாசம் ஆகும் சார்.” கப்பாசிட்டர் எதையும் பழகாது. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை நம்மை உட்கார வைக்கத்தான் அந்தப் பேச்சு. கெடு முடிந்தபின் கடை பில்லை எடுத்துப் பார்த்தால், அதில் கம்பெனி பெயரும் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. ‘ஆக்சசரி’ என்று ஒற்றை வார்த்தை. எதை வைத்துப் புகார் கொடுப்பது?

எலக்ட்ரீஷியன் திறந்து காட்டியபோது உள்ளே அந்த கப்பாசிட்டர், ரெண்டு மூணு ரெசிஸ்டர், டயோடு, எல்.இ.டி., அவ்வளவுதான். ஃபியூஸ் கிடையாது. நீங்களாகத் திறக்காதீர்கள். கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம், பிளக் கம்பியைத் தொட்டாலே சுளீரென்று அடிக்கும்.

யாராவது இந்த வித்தையைக் காட்டினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இதையே வாட் மீட்டர்ல காட்டுங்க.” பேச்சு அதோடு மாறும்.

ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், லேபிளில் போட்டிருக்கும் வருட யூனிட் கணக்கைப் பாருங்கள். நட்சத்திரம் பெரும்பாலும் அளவுக்கு ஏற்ப கொடுப்பது, அதனால் பெரிய ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ் சின்ன மூன்று நட்சத்திரத்தைவிட அதிகம் இழுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் சொருகும் எனர்ஜி மீட்டரை மாட்டி, ஒரு முழு நாளாவது ஓடவிட்டு யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் பத்து நிமிஷம் பார்த்து ஒன்றும் தெரியாது. இதைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள்ளேயே செய்துவிடுங்கள்.