100 கிராம் 11 வெள்ளி: சிங்கப்பூரின் பழைய நண்டுக் கடைகளுக்குப் போகுமுன்

சிங்கப்பூரில் பழம்பெயர் பெற்ற கடல் உணவகம் ஒன்று. பெயர் வேண்டாம். நாலு பேர் குடும்பம் கேட்டது மிளகாய் நண்டு ஒன்று, குழம்பில் தொட்டுச் சாப்பிடும் பொரித்த மந்தோ ரொட்டி எட்டு. பில் 201.43 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்.

ஏறிய கணக்கைப் பாருங்கள். மெனுவில் ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருந்தது. கேட்டதற்கு 11 வெள்ளி என்றார்கள். அது 100 கிராமுக்கு என்று சொல்லவில்லை. உள்ளே கொண்டுபோய் எடைபோட்ட நண்டு 1.4 கிலோ, ஆக 154. கேட்காமலே வைத்த வேர்க்கடலை 4, ஈரத்துண்டு நாலுக்கு 2, மந்தோ 8. மொத்தம் 168. அதற்கு 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்து 184.80. அந்த மொத்தத்துக்கும் 9 சதவீத ஜிஎஸ்டி. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகள் இவைதாம். வரியில் தப்பில்லை. எடையை மறைத்ததுதான் அநியாயம்.

உயிர் நண்டைக் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள். கட்டிய கயிறு தடிமனாக, ஈரமாக இருந்தால் அதுவும் எடைதான். எடையையும் மொத்த விலையையும் ஆர்டர் சீட்டில் எழுத வையுங்கள். பின்கால் சேருமிடத்தில் அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அமுங்கினால் தண்ணி நண்டு: சமீபத்தில் ஓடு கழற்றியது, உள்ளே நீர்தான் அதிகம், சதை இன்னும் நிறையவில்லை. இலங்கைக் களிநண்டு என்று சொல்லி விற்றாலும் இதே சோதனைதான். கொடுக்குச் சதை வேண்டுமானால் வயிற்று மடல் குறுகலான ஆண் நண்டு. கடலையும் துண்டும் வேண்டாமென்றால் பிரிக்காமல் உடனே திருப்பிக் கொடுங்கள்.

‘அசல்’ என்ற பலகைக்காக மட்டும் போகாதீர்கள். மிளகாய் நண்டைத் தொடங்கி வைத்தவர் எனப்படும் செர் யாம் டியன் 1956இல் செய்தது தக்காளி சாஸும் புட்டி மிளகாய் சாஸும் சேர்த்த நண்டு. இன்று எல்லாரும் தேடும் முட்டையும் சம்பல் என்ற மிளகாய் விழுதும் பின்னர் சமையல்காரர் ஹூய் கோக் வாய் சேர்த்தவை. அடுப்பை விட்டு இறக்கும்போது ஊற்றிய முட்டை இழை இழையாகத் தெரியும். குழம்பு கூழ்போல ஒட்டினால் மாவு கூடிப்போயிற்று. பக்கத்து மேசைத் தட்டைப் பார்த்தாலே போதும், பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

பில்லில் சந்தேகமென்றால் பணம் கட்டுமுன் ஆர்டர் சீட்டோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். தீராவிட்டால் இரண்டையும் படமெடுத்துக்கொண்டு பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் செய்யலாம். நண்டைக் காட்டவே மறுக்கும் கடையில், எத்தனை வருடப் பெயர் இருந்தாலும் உட்காராதீர்கள்.