பிச்சியின் நரையைத் தட்டில் விட்டுவைத்த டீச்சர்

எங்கள் பிச்சிக்கு 11 வயதாகிறது. கழுகுமலைப் பக்கத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த, கன்னி என்கிற நாட்டு இன நாய். உடம்பெல்லாம் கறுப்பு, புருவத்திலும் காலிலும் செம்பழுப்பு. இரண்டு வருஷமாக மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. அவளைப் பீங்கான் தட்டில் கையால் வரைந்து வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் எங்கே, எவ்வளவு என்று கேட்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வரைந்தவர் பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சிப் பக்கம், வீட்டு மாடியில் வைத்துச் செய்கிறார். டிராயிங் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். போர்டு எதுவும் கிடையாது. தெருவில் டீச்சர் வீடு என்றால் காட்டுவார்கள்.

இதற்கு முன்னால் வேறொரு கடையில் போட்டோவைத் தட்டில் அச்சடித்து வாங்கியிருந்தேன். கழுவிக் கழுவி ஆறே மாதத்தில் பிச்சியின் கண் இருந்த இடம் உரிந்துபோனது. டீச்சர் அதை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது மேலாப்புல ஒட்டிக்கிட்டு இருக்கு தம்பி. நான் போடுத கலரு தட்டோடயே சேந்துரும்" என்றார். உலோக ஆக்சைடும் கண்ணாடிப் பொடியும் சேர்ந்த கலர்ப் பொடியை எண்ணெய் விட்டுக் கத்தியால் குழைக்கிறார். கிராம்புத் தைலமும் சேர்ப்பதால் சீக்கிரம் காயாது. அறைக்குள் நுழைந்தாலே பல் டாக்டரிடம் வந்த மாதிரி வாசனை. வரைந்த தட்டை எலெக்ட்ரிக் சூளையில் 800 டிகிரி வரைக்கும் சுடுகிறார். அந்தச் சூட்டில் தட்டின் பளபளப்புப் பூச்சு இளகி, கலரைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. காருக்குறிச்சிப் பானைச் சூளையின் புகையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, புகையில்லாமல் ஒரு பெட்டி மூலையில் சூளையாக நிற்பதே அதிசயமாக இருந்தது.

நான் கொண்டுபோன பத்துப் போட்டோவில் ஒன்றைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்தவை அவை. கன்னிக்கு மூஞ்சி நீளம். கிட்டே எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். ஆறடி தள்ளி, தரையில் உட்கார்ந்து, அவள் கண் மட்டத்தில் எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தபோதுதான் என் கையில் இருந்த பழைய படங்களில் எல்லாம் பிச்சி வேறு நாயாக இருந்தது தெரிந்தது.

அப்புறம் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, நரைய வரையட்டா, இளசா வரையட்டா? இப்பவே சொல்லிருங்க. சுட்ட பொறவு கறுப்ப ஏத்தலாம், வெள்ளையக் கொண்டாற முடியாது."

இந்த வேலையில் வெள்ளை என்பது பெரும்பாலும் தட்டின் வெள்ளைதான். நரை வேண்டும் என்றால் அந்த இடத்தில் கலர் இருக்கக் கூடாது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப இருக்காப்லயே இருக்கட்டும் டீச்சர்" என்றார். டீச்சர் மூக்குக்குப் பழுப்பைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே கூர் சீவிய மூங்கில் குச்சியால் ஒவ்வொரு மயிராகக் கீறிக் கலரை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தூசி வந்து ஒட்டிவிடும் என்று ஃபேன் போடுவதில்லை. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம், மூக்கைச் சுற்றி மட்டும். என்னைக் கேட்டால் கொடுத்த காசு முழுவதும் அந்த இரண்டு மணி நேரத்துக்கே தகும்.

முதல் சூளை முடிந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தபோது எனக்குப் பகீர் என்றது. பிச்சி சாம்பல் நிறத்தில் இருந்தாள். உடனே போன் போட்டேன். "ஒரே தடவையில அப்புனா சுடும்போது பொரிஞ்சு உதிர்ந்துரும் தம்பி, பொறுங்க" என்றார். இரண்டாவது சூளையில் கறுப்பு ஏறியது. மூன்றாவதில் புருவச் செம்பழுப்பு. அது இரும்பு ஆக்சைடு, சூடு கூடினால் வெளிறிவிடும் என்பதால் கடைசியாக வைத்துக்கொண்டாராம். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்க மாட்டேன். புதிதாகப் போகிறவர்கள் முதல் படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

விலை: பத்து அங்குலத் தட்டுக்கு 3,800 ரூபாய், பாதி அட்வான்ஸ். ஓரத்தில் தங்கக் கரை வேண்டுமென்றால் 600 கூட. பூசும்போது கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது சுட்டு வந்ததும் தங்கமாக மின்னுகிறது. ஆனாலும் அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கண் முதலில் கரைக்குப் போய்விட்டு அப்புறம்தான் பிச்சியிடம் வருகிறது. நாள்தான் பெரிய குறை. மூன்று வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. இரண்டு தடவை சூளை நடுவில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து சூடேற்ற வேண்டியதாயிற்று. பிறந்தநாளுக்குப் பரிசு என்று தேதி வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இதில் சாப்பாடு வைக்கக் கூடாது, இந்தக் கலர்களில் ஈயம் இருக்கலாம் என்று அவரே சொல்லிவிடுகிறார். சுவரில் மாட்டும் ஸ்பிரிங் கம்பி கொடுக்கவில்லை; திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கினேன். துடைக்க ஈரத்துணி போதும், நார் போட்டுத் தேய்த்தால் தங்கக் கரை போய்விடும்.

தட்டு இப்போது அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு எதிரே, அவர் கண்ணாடி போடாமலே தெரிகிற உயரத்தில் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்து அக்கா அவள் வீட்டுப் பூனைக்கும் சொல்லச் சொன்னாள். சுத்த வெள்ளைப் பூனை. டீச்சர் போட்டோவை வெகு நேரம் பார்த்தார். "இதுக்குப் பூனைய வரைய முடியாது தம்பி, அது மேல விழுத நெழல மட்டுந்தான் வரையணும். ரெண்டு மாசம் ஆவும்னு அக்காட்ட சொல்லுங்க" என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.