சிவில் வார்: காமிக்ஸிலிருந்து படம் எடுத்ததும் விட்டதும்

மார்க் மில்லர் எழுதி ஸ்டீவ் மெக்நிவன் வரைந்த 'சிவில் வார்' காமிக்ஸ் 2006-07இல் ஏழு இதழ்களாக வந்தது. ரூசோ சகோதரர்கள் இயக்கிய 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படம் 2016இல் வந்தது. இரண்டிலும் மார்வெல் சூப்பர்ஹீரோக்கள் இரு அணிகளாகப் பிரிந்து மோதுகிறார்கள்: ஒரு பக்கம் அயர்ன்மேன் டோனி ஸ்டார்க், மறுபக்கம் கேப்டன் அமெரிக்கா. பெயர் ஒன்றுதான், சண்டைக்கான காரணம் வேறு. அந்த மாற்றம்தான் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

காமிக்ஸில் ரியாலிட்டி ஷோவுக்காக வில்லன்களைத் துரத்துகிறது ஓர் இளம் சூப்பர்ஹீரோ குழு. ஸ்டாம்ஃபோர்ட் நகரில் நைட்ரோ என்ற வில்லன் வெடிக்க, பள்ளிப் பிள்ளைகள் உட்பட 600 பேருக்கு மேல் சாகிறார்கள். உடனே வரும் சட்டம், முகமூடிக்குப் பின்னால் இருப்பது யார் என்று அரசிடம் பதியச் சொல்கிறது. இரண்டாம் இதழில் ஸ்பைடர்மேன் நிருபர்கள் முன் முகமூடியைக் கழற்றுவது அதனால்தான் அப்படி அதிரவைக்கிறது.

படத்தில் அது எடுபடாது. 2008இல் வந்த 'அயர்ன்மேன்' படத்திலேயே டோனி ஸ்டார்க் தான்தான் அயர்ன்மேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். மற்றவர்களிலும் முகத்தை மறைப்பவர்கள் சொற்பம். எனவே திரைக்கதையாசிரியர்கள் மார்கஸும் மெக்ஃபீலியும் கேள்வியையே மாற்றினார்கள்: இவர்களுக்கு உத்தரவிடுவது யார்? சூப்பர்ஹீரோக்களை ஐ.நா.வின் கட்டுப்பாட்டில் வைக்கும், 117 நாடுகள் ஏற்ற சொகோவியா ஒப்பந்தம் அப்படிப் பிறந்தது.

டோனிக்கு இதில் பெரிய லாபம். காமிக்ஸில் அவர் நெகட்டிவ் ஸோன் என்ற வேறொரு பரிமாணத்தில் சிறை கட்டுகிறார். அவர் தரப்பு உருவாக்கிய தோரின் நகல் (குளோன்), எதிரணி வீரர் கோலியாத்தைக் கொல்கிறது. அதற்குமேல் அவர் பக்கம் நிற்க வாசகருக்கு மனம் வராது. படத்தில் அவரிடம் இருப்பது குற்றவுணர்ச்சி. காமிக்ஸில் மகனை இழந்த மிரியம் ஷார்ப் அவர் முகத்தில் துப்புவார். திரையில் வரும் தாய் இறந்த மகனின் புகைப்படத்தை அவரிடம் கொடுத்துவிட்டு நிதானமாகப் பேசுகிறார். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

சறுக்கல் லைப்ஸிக் விமான நிலையத்தில் ஆரம்பிக்கிறது. ஆறுக்கு ஆறு மோதும் அந்தச் சண்டை அழகு. ராட்சத உருவெடுக்கும் ஆன்ட்மேன் ஸ்காட் லாங்கின் காலைச் சுற்றி ஸ்பைடர்மேன் வலை கட்டி வீழ்த்தும் இடம் அபாரம். ஆனால் நிலையத்திலிருந்து ஆட்களை முன்பே வெளியேற்றிவிட்டார்கள். பொதுமக்கள் சாவதால் வந்த ஒப்பந்தத்தைப் பற்றிய படத்தில், பெரிய சண்டையில் பொதுமக்களே இல்லை! டோனி அணியின் விஷன் குறி தப்பிச் சுட, அதே அணியில் உள்ள டோனியின் நண்பர் ரோட்ஸ் முடங்குவது மட்டுமே சேதம். பிறகு சைபீரியாவில், டோனியின் பெற்றோரை 1991இல் கேப்டனின் பழைய நண்பர் பக்கி கொன்ற வீடியோ ஓடியதும் ஒப்பந்தப் பேச்சே நின்றுபோகிறது. நடிப்பு உலுக்குகிறது, விவாதம் பாதியில் அறுந்துவிடுகிறது.

இந்த இடத்தில் காமிக்ஸ் ஒரு படி மேல். கடைசிச் சண்டை நியூயார்க் தெருக்களில் நடக்கிறது. டோனியை அடித்து வீழ்த்திய கேப்டனைச் சாதாரண மக்களே பாய்ந்து பிடிக்கிறார்கள். சுற்றிலும் நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்து அவர் சரணடைகிறார்.

படத்தை முதலில் பாருங்கள். ஐமேக்ஸ் வடிவம் கிடைத்தால் அதுவே நல்லது. விமான நிலையச் சண்டையில் திரையின் உயரம் கூடும். காமிக்ஸில் ஏழு இதழ்த் தொகுப்பை மட்டும் வாங்கினால் ஸ்பைடர்மேன் அணி மாறுவது அவசரமாகத் தெரியும். அதன் முழுக் காரணம் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' தொடரின் அதே கால இதழ்களில் இருக்கிறது, அவற்றையும் சேர்த்து வாங்குங்கள்.