ரெண்டடி ரீஃப் டேங்குக்கு ஸ்கிம்மரும் டோசரும்: வாங்கி ஓட்டிப் பார்த்த அனுபவம்

சிங்கப்பூர்ல கடல்தண்ணி டேங்க் வைக்கணும்னு நெனச்சு செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் இருக்கற மீன் கடைகள்ல ஒரு ரவுண்டு போனீங்கன்னா தலை சுத்திரும். ஸ்கிம்மர், ரோலர் மேட், ரியாக்டர், யூவி, நாலு தலை வெச்ச டோசிங் பம்ப்புன்னு வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க, பாத்தா எல்லாமே முதல் நாளே வேணும்போலத் தோணும். என் டேங்க் 60×45×45 செ.மீ., கீழ சின்ன சம்ப் (ஃபில்டர் சாமானெல்லாம் வைக்கற அடித்தொட்டி), கல்லு மணல் போக மொத்தத் தண்ணி கிட்டத்தட்ட 110 லிட்டர். ஹெச்டிபி அடுக்குமாடி வீட்டு ஹால்ல இருக்கு. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு கோபி மீன், ஆரம்பத்துல மஷ்ரூம், ஸொயாந்தஸ் மாதிரி சாஃப்ட் கோரல் (மெத்துனு இருக்கற பவளம்) மட்டும்தான், இப்ப ஹேமர், டார்ச், கொஞ்சம் மாண்டிபோரான்னு கல் கோரலும் சேந்திருக்கு. இத்தனை காலம் ஓட்டினதுல என் அபிப்பிராயம் இதுதான்: ஃபில்டர் சாமான ஆரம்பத்துலயே ஒழுங்கா வாங்குங்க, டோசிங் சாமான, அதாவது கோரல் எடுத்துக்கற கால்சியம் மாதிரி சத்த அளவா விடற பம்ப்ப, கோரல் கேக்கற வரைக்கும் வாங்காதீங்க. கோரல் கேக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கறதத்தான் கீழ விலாவாரியா சொல்றேன்.

மொதல்ல தண்ணி. இங்க குழாய்த் தண்ணி குடிக்க அருமையான தண்ணி, ஆனா அதுல குளோரமைன் இருக்கு, அது குளோரின் மாதிரி ஒரு ராத்திரி வாளில வெச்சா போயிடாது. அதனால ஆர்ஓ டிஐ யூனிட் (தண்ணில கரைஞ்சிருக்கறத எல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ற சாமான்) வாங்கும்போது கார்பன் ஸ்டேஜ் நல்லதாப் பாத்து வாங்கணும், டிஐங்கற கடைசி ரெசின் ஸ்டேஜுக்கு அப்புறம், கரைஞ்சிருக்கறத அளக்கற டிடிஎஸ் மீட்டர்ல 0 வரணும். நிறம் மாறுற ரெசின் போட்டா எப்ப மாத்தணும்னு கண்ணாலயே தெரியும். யூனிட் வைக்க எடம் இல்லாதவங்க கடைல ரெடியா விக்கற கடல்தண்ணிய கேன்ல வாங்கிக்கறாங்க, அதுவும் சரிதான், ஆனா ஆவியாப் போற தண்ணிக்குப் பதிலா நல்ல தண்ணிதான் ஊத்தணும்ங்கறதால ஆர்ஓ தேவை எப்படியும் வந்து நிக்கும். ஃபேன் வெச்சுக் குளுத்துறவங்களுக்கு ஆவியாகறது ரொம்ப ஜாஸ்தி, அதுக்கு ஆவியான அளவு தண்ணிய தானா விடற ஒரு ஆட்டோ டாப் ஆஃப் வெச்சே ஆகணும், உப்பு 35 பிபிடிலயே (ஆயிரத்துல 35 பங்கு) நிக்கணும்னா வேற வழி இல்ல.

இப்ப ஸ்கிம்மர். என்னைக் கேட்டா சம்ப்புக்குள்ள இருக்கறதுலயே காசுக்கு வேலை செய்யற சாமான் இதுதான். பருப்பு கொதிக்கும்போது மேல ஒதுங்குற நுரைய கரண்டில எடுத்துப் போடறோம்ல, அதே வேலைதான். பொடிப் பொடியா காத்துக் குமிழ் அடிச்சு, அதுல ஒட்டற புரதக் கழிவ மேல தள்ளி கப்புல சேக்குது, அழுகி அமோனியாவாகி கடைசில நைட்ரேட்டா மாறுறதுக்கு முன்னாடியே வெளிய எடுத்துருது. கேனிஸ்டர் ஃபில்டர் இந்த வேலையச் செய்யாது, அது அழுக்க உள்ளயே புடிச்சு வெச்சுக்கும், நீங்க அடிக்கடி தொறந்து கழுவுற ஆளா இல்லன்னா நைட்ரேட் ஏறிக்கிட்டே போகும்.

வாங்கும்போது டப்பால போட்டிருக்கற லிட்டர் கணக்க அப்படியே நம்பாதீங்க. 110 லிட்டருக்கு 200, 250 லிட்டர் போட்டதா எடுத்தா சரியா இருக்கும், அதுக்காக 600 லிட்டர் மாடல எடுத்தா ரெண்டு மூணு மீன் போடற கழிவு அதுக்குப் பத்தாது, நுரை கழுத்து வரைக்கும் ஏறாமலே உள்ள சுத்திக்கிட்டு இருக்கும். டிசி பம்ப் இருந்தா சத்தம் கம்மி, வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம், ஹால்ல டிவி பாக்கற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம், எங்க வீட்டம்மா டேங்குக்கு ஓகே சொன்னதே அந்தச் சத்தத்தக் கேட்டுப் பாத்த பிறகுதான். புதுசா வெச்ச ஒண்ணு ரெண்டு வாரம் அது கண்டபடி நடந்துக்கும், நுரை வராது இல்லன்னா தண்ணியா பொங்கும், கைவைக்காம விட்டுரணும். கல்லு ஒட்டற எபாக்ஸி, மருந்து ஏதாவது போட்டாலும் பொங்கும், அன்னைக்கு கப்ப எடுத்துட்டு ஓட்டணும். சம்ப்புல ஸ்கிம்மர் நிக்கற அறைல தண்ணி மட்டம் மாறாம இருக்கணும், இது ரொம்ப முக்கியம், ரெண்டு செ.மீ. ஏறி எறங்குனாலே நுரை மாறிடும்.

நாள்பட ஓட்டினதுல தெரிஞ்சது, கழுத்துல ஒட்டற பழுப்புப் பசைய வாரத்துக்கு ஒரு தடவை தொடைக்கலன்னா நுரை மேல ஏறவே மாட்டேங்குது. அப்புறம் காத்துக் குழாய் உள்பக்கம் உப்பு படிஞ்சு அடைச்சுக்கும், சுடுதண்ணிய உறிஞ்ச விட்டா கரைஞ்சிரும். இம்பெல்லர் (பம்ப்புக்குள்ள சுத்தற விசிறி) தனியா கடைல கெடைக்குதான்னு வாங்கும்போதே கேட்டுருங்க. என்னோட மொத ஸ்கிம்மர், பேர் வேணாம், பாடி நல்லாத்தான் இருந்துச்சு, இம்பெல்லர் தேஞ்சு கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சதும் ஸ்பேர் எங்கயும் கெடைக்கல, மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு.

ஃபில்டர் சாக்கு 200 மைக்ரான் போதும், மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க, அஞ்சாறு வாங்கி வெச்சுக்கிட்டா மொத்தமா கழுவிக்கலாம். ரோலர் மேட், அதாவது அழுக்கான துணிய தானா சுருட்டிக்கற ஃபில்டர், சுகமான சாமான்தான் ஆனா ரெண்டடி டேங்க் சம்ப்புல எடத்த அடைக்கும். பாஸ்பேட் புடிக்கற ஜிஎஃப்ஓ மொத வருஷத்துல எனக்குத் தேவைப்படவே இல்ல. புது டேங்க்ல நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டையும் சுத்தமா 0க்கு இழுத்துட்டா டைனோன்னு ஒரு பழுப்புக் கோழை மணல் மேல படர வாய்ப்பு ஜாஸ்தி, அது பாசிய விட மோசம். நைட்ரேட் 5ல இருந்து 10 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03ல இருந்து 0.1 வரை இருந்தா நிம்மதியா இருக்கலாம்.

டோசிங்குக்கு வருவோம். கல் கோரலும், கல்லு மேல ஊதா நிறத்துல படர்ற கோரலைன் பாசியும் எலும்பு கட்ட கால்சியத்தையும் கார்பனேட்டையும் தண்ணில இருந்து எடுக்குதுங்க. சாஃப்ட் கோரல் பெரும்பாலும் அப்படி எடுக்காது. அதனால மஷ்ரூமும் ஸொயாந்தஸும் மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கு டோசிங் பம்ப் விக்கறது, மன்னிச்சுக்கங்க, வியாபாரம். வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்துனாலே பெரும்பாலும் போதும், அல்கலினிட்டி (தண்ணில இருக்கற கார்பனேட்டோட அளவு) மெதுவா எறங்குனா அது கொஞ்சம் கூடுதலா இருக்கற உப்பு எடுத்துக்கலாம். ரெட் சீ கம்பெனி உப்புல நீல வாளி சுமார் 8 டிகேஹெச் (அல்கலினிட்டிய அளக்கற அலகு), கோரல் ப்ரோ 12க்குப் பக்கத்துல வரும்.

கல் கோரல் வந்ததும் கதை மாறும், அப்பவும் மொதல்ல வாங்க வேண்டியது பம்ப் இல்ல, அல்கலினிட்டி மீட்டர். நான் வெச்சிருக்கறது ஹானா செக்கர் HI772. 10 மில்லி டேங்க் தண்ணிய கண்ணாடிக் குப்பில எடுத்து, வெளிப்பக்கத்த துணியால நல்லாத் தொடச்சு, உள்ள வெச்சு ஒரு தடவை அமுக்கணும், அப்புறம் சிரிஞ்ச்ல 1 மில்லி ரீஏஜென்ட் விட்டு மெதுவா அஞ்சாறு தடவை கவுத்து நிமித்தி மறுபடி வெச்சு அமுக்கினா நம்பர் வரும். விரல் ரேகையோ சின்னக் குமிழோ ஒட்டியிருந்தா ரீடிங் மாறிடும், சந்தேகமா இருந்தா இன்னொரு தடவை எடுத்துருங்க. கால்சியம், மெக்னீசியத்துக்கு ஸாலிஃபெர்ட் சொட்டு கிட் வெச்சுருக்கேன், மாசம் ஒரு தடவை பாத்தா போதும்.

எதுவும் போடாம, தண்ணி மாத்தாம மூணு நாள் ஒரே நேரத்துல அல்கலினிட்டி பாருங்க. 8.5, 8.2, 7.9ன்னு வருதுன்னு வெச்சுக்கங்க, ஒரு நாளைக்கு 0.3 எறங்குது. 110 லிட்டர்ல அத ஈடு கட்ட சுமாரா 1 கிராம் பேக்கிங் சோடா போதும்! அதே அளவு எலும்பு கட்ட செலவாகற கால்சியம் ஒரு நாளைக்கு 2 பிபிஎம்தான், 420ல 2 குறைஞ்சா எந்த கிட்லயும் தெரியாது, அதனாலதான் அல்கலினிட்டிய பாக்கச் சொல்றேன். தண்ணி மாத்தி இத சரிக்கட்ட முடியாது, வாரத்துக்கு 2க்கு மேல எறங்கும், 10 சதவீதம் மாத்துனா வித்தியாசத்துல பத்துல ஒரு பங்குதான் ஏறும்.

இந்த அளவுக்கு நான் ரொம்ப நாள் கையாலதான் ஊத்துனேன். ட்ராபிக் மரின் கம்பெனியோட ஆல் ஃபார் ரீஃப் ஒரே பாட்டில்ல எல்லாம் இருக்கறதால பிகினருக்கு வசதி, ரெண்டு பாட்டில் முறைல கால்சியம் குளோரைடையும் சோடாவையும் ஒரே எடத்துல ஒரே நேரத்துல ஊத்திட்டா வெள்ளையா திரிஞ்சு வீணாப் போகும், இதுல அந்தப் பயம் இல்ல. கால்க்வாஸர்ங்கற சுண்ணாம்புத் தண்ணி விலை மலிவு, பிஹெச்சும் ஏத்தும், ஆனா அந்தத் தண்ணியோட பிஹெச் 12க்கு மேல, டாப் ஆஃப் சென்சார் மாட்டிக்கிச்சுன்னா டேங்கே போயிரும், ஆரம்பத்துல வேணாம்.

வெளியூர் போறப்ப ஊத்த ஆள் இல்லன்னு ஆனபோதுதான் டோசிங் பம்ப் வாங்குனேன். ரெண்டு தலை தாராளம். பாக்க வேண்டியது ஆப் எவ்வளவு அழகுங்கறத இல்ல, ஒரு தடவைக்கு 1 மில்லிக்கும் கீழ சரியா விடுமா, கரண்ட் போய் வந்தா செட்டிங் அப்படியே இருக்கா, தலைக்குள்ள இருக்கற ரப்பர் ட்யூப் தனியா கெடைக்குமா, இந்த மூணும்தான். அந்த ட்யூப் அமுங்கி அமுங்கி தளந்து போகும், ஸ்கிரீன்ல 10 மில்லின்னு காட்டும், அளவு ஜாடில புடிச்சா 8தான் இருக்கும், அல்கலினிட்டி ஏன் எறங்குதுன்னு தெரியாம மண்டைய ஒடச்சுக்குவோம். மாசம் ஒரு தடவை ஜாடில புடிச்சுப் பாத்து கேலிப்ரேட் பண்ணுங்க. ட்யூப் முனைய தண்ணிக்குள்ள விடாதீங்க, மேலயே தொங்கட்டும், அதுவும் தண்ணி வேகமா ஓடற எடத்துல, முனைல வெள்ளையா படிஞ்சா வினிகர்ல ஊறவெச்சா போயிரும். மருந்து டப்பாவ டேங்க் மட்டத்த விட ஒசரத்துல வைக்காதீங்க, ட்யூப் தளந்த அன்னைக்கு மொத்தமும் தானா உள்ள எறங்கிரும்.